பரீட்சைத் தாளில் ஒரு விபத்து

ரயில்வேயில் கிராணி வேலைக்கு, அதாவது ஆபீஸ் குமாஸ்தா வேலைக்கு, வைத்த பரீட்சையில் ஒரு பகுதி உண்டு. இங்கிலீஷில் ஒரு பத்தி கொடுப்பார்கள். அதைப் படித்துவிட்டுக் கீழே இருக்கும் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். பதில் பத்திக்குள்ளேயே இருக்கும். கண் தெரிந்தவன் எவனும் எழுதிவிடலாம். ஆனால் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆட்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் குடியிருந்துகொண்டு அதற்குத் தயார் செய்ய முடியாது. அங்கே இருந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள்.

என் அப்பா இஞ்சின் டிரைவர். பாஸானால் மேசை நாற்காலி, இல்லையென்றால் மறுநாளே ஷெட்டில் கரி அள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். கரி அள்ளியவர்களின் முதுகையும் இருமலையும் எனக்குத் தெரியும். எனக்கு அது வேண்டாம்.

பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. விடைகள் இருந்த பக்கங்களை எந்தப் படுபாவியோ கிழித்திருந்தான். நான் எழுதியது சரியா என்று கேட்க ஆளில்லாமல், ஒரு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து ஒரு பத்தியை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அதோடு என் நிம்மதி போயிற்று.

கலங்கரை விளக்கத்துக் காவலாளி ஒருவன் தூங்கிவிட்டான். விளக்கு அணைந்தது. கப்பல் பாறையில் மோதியது. ஏன் மோதியது என்பது கேள்வி. காவலாளி தூங்கியதால் என்று எழுதியிருந்தேன்.

“எத்தன மணி நேரம் டூட்டி பாத்தானாம்?” என்றார் அப்பா.

“அது எழுதலப்பா.”

“மாத்து ஆள் வந்தானா?”

“அதுவும் எழுதல.”

“எழுத மாட்டான்டா. எழுதினா தொர மேல தப்பு வந்துடுமில்ல?”

எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. ரயில் எங்கே எதன்மேல் மோதினாலும், துரை விசாரணை வைப்பதற்கு முன்னால் ஆட்கள் கூடித் தாங்களே ஒரு விசாரணை வைத்துவிடுவார்கள். யார் என்ன சொல்வது என்று பேசி முடித்த பிறகுதான் ஆபீசுக்குப் போவார்கள். இல்லாவிட்டால் எவனாவது ஒருவனுக்கு வேலை போய்விடும். ரயிலுக்கு அது நியாயம்தான். இவர்கள் கப்பலுக்கும் வைத்தார்கள்.

பக்கத்து வீட்டுக் கேட்டுக்காரர்தான் தலைமை. ரயில் வரும்போது சாலைக்குக் குறுக்கே கேட்டைச் சாத்துவது அவர் வேலை. விளக்குக்கு எண்ணெய் அனுப்பாதது துரையின் தப்பு என்று தீர்ப்பானது. அதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்ல ஒரு போர்ட்டர் முன்வந்தார். அந்த மனிதர் கடலைப் பார்த்ததே ஊரிலிருந்து கப்பலில் வந்தபோதுதான், அதுவும் வாந்தி எடுத்துக்கொண்டே.

“மாமா, பத்தியில இருக்கறதத்தான் எழுதணும்” என்றேன்.

“பத்திய எழுதினவன் அங்க இருந்தானாடா?” என்றார் கேட்டுக்காரர். “ஒருத்தன் சோத்துல மண்ணப் போட்டுட்டுத்தான் நீ கிராணி ஆவணுமா?”

தினமும் இதே கூத்து. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பெஞ்சுக்குப் போனேன். அங்கேயும் வந்து, “இன்னிக்கு யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார்கள்.

பரீட்சை வந்தது. தாளைத் திருப்பினேன். கேட்டைச் சாத்தாமல் ஒரு கேட்டுக்காரன் தேநீர் குடிக்கப் போகிறான், மாட்டுவண்டி தண்டவாளத்தில் ஏறுகிறது, ரயில் மோதுகிறது. யாருடைய கவனக்குறைவு? கேட்டுக்காரன் என்று எழுதிவிட்டு வந்தேன்.

வீட்டில் அப்பா விவரம் கேட்டார். சொன்னேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கத்தல்.

“டேய்! என் மேலயா எழுதின?”

“உங்க மேல இல்ல மாமா. பத்தியில வர்ற ஆளு.”

“கேட்டுக்காரன்னா கேட்டுக்காரன்தான்டா! நான் டீ குடிக்கப் போனத நீ பாத்தியா?”

அப்பா தாழ்ந்த குரலில், “டிரைவர் மேல ஒண்ணும் எழுதலையே?” என்றார். இல்லை என்றேன். “அப்பச் சரி” என்று வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் கேட்டுக்காரர் கல்யாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு ரயில்வே ஆபீசுக்கே போனார். அந்த விபத்தில் கேட் சாத்தித்தான் இருந்தது என்று வாக்குமூலம் கொடுத்தார். எந்த இடத்து விபத்து என்று கேட்டதற்கு, கிள்ளான் பாதை என்று இவராகவே சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு விபத்தே தெரியாத பெரிய கிராணி பயந்துபோய்த் துரையிடம் ஓடினார். கிள்ளான் வரை ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தந்தி போனது. விபத்து ஏதும் இல்லை என்று எல்லோரும் பதில் அனுப்பினார்கள். இத்தனை பேரும் ஒரே மாதிரிச் சொன்னால் எதையோ மறைக்கிறார்கள் என்று துரைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாட்சி உண்டா என்று கேட்டார்கள். கேட்டுக்காரர் என் பெயரைக் கொடுத்தார்.

என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய கிராணி யாழ்ப்பாணத்தவர். யாரையும் ‘ஐசே’ என்றுதான் கூப்பிடுவார்.

“என்ன ஐசே, விபத்தைக் கண்டனீரோ?”

“காணல சார். படிச்சேன்.”

“எதில?”

“உங்க கேள்வித்தாள்ல.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். ஆபீசின் அரைநாள் வேலையைக் கெடுத்தவனுக்கு எவன் வேலை கொடுப்பான்? பக்கத்தில் கோட்டோடு உட்கார்ந்திருந்த கேட்டுக்காரரைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது.

துரை என்னை உள்ளே கூப்பிட்டு இங்கிலீஷில் விசாரித்தார். அவர் முகம் சிவந்திருந்தது. மேசைமேல் என் விடைத்தாள்.

“கேட்டுக்காரன் தப்பு என்று எதை வைத்து எழுதினாய்?”

“பத்தியை வைத்து. அதில் வேறொன்றும் இல்லை.”

“கேட் சாத்தியிருந்தது என்கிறாரே உன் ஆள்?”

“அவர் பத்தியைப் படிக்கவில்லை.”

துரை நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “திங்கட்கிழமை வேலைக்கு வா. முதலில் அந்த ஆளை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போ. கேட் சாத்தியே இருந்தது என்று சொல்.”

சொன்னேன். கேட்டுக்காரர் வழியெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். லைனுக்குள் நுழைந்ததும், “கேட் சாத்தித்தான் இருந்துச்சாம், தொரையே சொல்லிட்டாரு!” என்று கத்தினார். எனக்கு வேலை கிடைத்ததை ஒருவரும் கேட்கவில்லை.

அப்பா மெல்ல எழுந்து வந்தார். “கேட் சாத்தியிருந்தா தப்பு யாரு மேலடா? டிரைவர் மேலயா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் லைனில் மாட்டுவண்டி ஓட்டுகிறவர் ஒருவரும் கிடையாது.

“வண்டிக்காரன் மேலப்பா” என்றேன்.

“அவனுங்களே அப்படித்தான்” என்றார் கேட்டுக்காரர், கோட்டைக் கழற்றிக்கொண்டே. “கேட்ட ஒடச்சிக்கிட்டு வருவானுங்க.”