‘வந்துட்டேன்’ என்று சொன்ன போன்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்... இது நடந்தது. நடந்தது எனக்கல்ல, என் அக்கா வீட்டுக்காரருக்கு. அத்தான் கதை விடுகிற ஆள் இல்லை. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். யாராவது பேய் என்று பேச்செடுத்தால், சார்ஜ் போட்டுப் பாரு, சரியாயிடும் என்று கிண்டல் செய்வார். அப்படிப்பட்டவர் இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொல்வதற்கு முன் தன் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தார்.

அவர் கடை ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு லேப்டாப், தலைக்கு மேலே ஒரு கிழட்டு ஃபேன். மூன்று சுற்றுக்கு ஒரு தடவை அது ‘கிறீச்’ என்று முனகும். அதற்கு எண்ணெய் விடச் சொல்லி அக்கா திட்டாத நாளில்லை. அத்தானுக்கு ஒரு கர்வம் உண்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும், ஒரு போன் ஆன் ஆகும் சத்தத்தை வைத்தே அது எந்த மாடல் என்று அடித்துச் சொல்லிவிடுவார்.

அன்று மதியம் ஒன்றரை மணிக்கு ஒரு தையல்காரர் வந்தார். கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். கையில் அவர் மனைவியின் போன். மனைவி நர்ஸ் வேலை பார்த்தவர். எட்டு மாதத்துக்கு முன் கொட்டுகிற மழையில் டூட்டிக்குக் கிளம்பியவர், வழியில் வண்டியோடு வாய்க்காலில் விழுந்து இறந்துவிட்டார். அன்றிலிருந்து போனை ஆன் செய்தால் கம்பெனி பெயரோடு நின்றுவிடுகிறது.

"அவ போட்டோ எல்லாம் இதுலதான் தம்பி இருக்கு. வேற எங்கயும் கிடையாது. அழிஞ்சுடாம பாத்துக்கங்க."

நின்றுபோன போனை எழுப்ப வழிகள் உண்டு. கடைசி வழி, உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது. அதைத் தொடவே மாட்டேன் என்று அத்தான் வாக்குக் கொடுத்தார். ஐந்து மணிக்கு வரச் சொன்னார்.

மணி 2.10. பவர் பட்டனையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தார். எட்டு... ஒன்பது... பத்து. திரை அணைந்தது. மறுபடி வெளிச்சம் வந்தது. அந்த மாடலுக்கென்று ஒரு சின்ன மணிச்சத்தம் உண்டு. அதற்காகத்தான் அத்தான் காத்திருந்தார். வந்தது ஒரு பெண் குரல்.

"வந்துட்டேன்."

குரலுக்குப் பின்னால் மழைச் சத்தம் கேட்டது. அத்தான் ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பாவம், தன் குரலையே பதிவு செய்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தார். படங்களை லேப்டாப்புக்கு மாற்ற ஆரம்பித்தார். முப்பது சதவீதம் வந்ததும் போன் கொதித்தது. ஆறட்டும் என்று முறைப்படி ஆஃப் செய்தார்.

"போயிட்டு வரேன்."

அத்தானுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. எவ்வளவு நல்ல பெண்ணாக இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

2.41. மறுபடி ஆன் செய்தார்.

"வந்துட்டேன்..."

இந்தத் தடவை மழை இல்லை. காலடிச் சத்தம் கேட்டது. தட்... தட்... தட்... குரலில் மூச்சிரைப்பு. இரண்டு மாடி ஏறி வந்தவள் பேசுவது போல.

அப்போதுதான் அத்தானுக்கு உறைத்தது. அந்த மாடலில் ஆன் ஆகும் சத்தத்தை மாற்றவே முடியாது.

விட்டுவிடலாமா என்று யோசித்தார். ஆனால் இன்ச் டேப்போடு நின்ற அந்த மனிதரின் முகம் கண் முன்னால் வந்தது. எழுபது சதவீதம் வரை படங்கள் ஏறின. போன் மறுபடி கொதித்தது. ஆஃப் செய்தார்.

"போயிட்டு வரேன்."

3.20. ஆன் செய்தார்.

"வந்துட்டேன்."

மூச்சிரைப்பு இல்லை. நிதானமான குரல். அதற்குப் பின்னால்...

கிறீச்.

ஒன்று... இரண்டு... மூன்று... கிறீச்.

அத்தான் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தார். அது ஓடவில்லை. மூன்று மணிக்கே கரண்ட் போயிருந்தது. சத்தம் போனுக்குள்ளிருந்து வந்தது.

எழுந்து ஓடியிருப்பார். ஆனால் படங்கள் ஏறிக்கொண்டிருந்தன. எண்பது... எண்பத்தைந்து... சூடு குறையட்டும் என்று போனின் பின்மூடியைக் கழற்றினார்.

உள்ளே ஸ்பீக்கரைப் பார்த்தார்.

வாய்க்கால் தண்ணீர் அதைத் தின்றிருந்தது. பச்சை பூத்து, இணைப்பு அற்றுப்போய்க் கிடந்தது. அதிலிருந்து எந்தச் சத்தமும் வர வழியே இல்லை.

3.46. நூறு சதவீதம். படங்கள் பத்திரம்.

இனி ஆஃப் செய்தால் போதும். கட்டை விரலைப் பவர் பட்டன்மேல் வைத்தார்.

அழுத்தினால் அவள் பேசுவாள்.

எங்கிருந்து பேசுவாள்?

அத்தான் அழுத்தவில்லை. பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட்டார்.

3.47.

ஒரு சத்தமும் இல்லை...

ஐந்து மணிக்குத் தையல்காரர் வந்தார். லேப்டாப்பில் படங்களைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உங்கள் மனைவி போனில் குரல் எதுவும் பதிந்து வைத்திருந்தார்களா என்று அத்தான் பட்டும் படாமலும் கேட்டார். அப்படி எதுவும் இல்லையே என்றார் அவர். பிறகு அவராகவே சொன்னார். வீட்டுக்குள் நுழையும்போதே ‘வந்துட்டேன்’ என்று குரல் கொடுப்பாளாம். ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லாமல் ஒரு நாளும் படி இறங்க மாட்டாளாம். அன்று ஒருநாள்தான் இருவருக்கும் வாய்த் தகராறு.

"போறேன்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிட்டா தம்பி. அப்படிச் சொல்லாதடின்னு கத்தினேன். திரும்பிக்கூடப் பாக்கல."

அத்தான் படங்களை ஒரு பென் டிரைவில் ஏற்றி, போனையும் மூடி, இரண்டையும் உறையில் போட்டுக் கொடுத்தார். கடையைப் பூட்டிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனார்.

5.40. செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். கையில் இரண்டு தம்ளர் தண்ணீர்.

"அவங்க எங்க?" என்றாள்.

"யாரு?"

"உங்க பின்னாடியே வந்தாங்களே ஒரு அம்மா. வந்துட்டேன்னு குரல் கேட்டுச்சே."

அத்தான் மறுநாள் விடிந்ததும் தையல்காரர் கடைக்கு ஓடினார். கெஞ்சி அந்தப் போனை வாங்கி ஆன் செய்தார். முறைப்படி ஆஃப் செய்தார். பத்துத் தடவை செய்தார், ஒரு சத்தமும் வரவில்லை. ஸ்பீக்கரைக்கூட மாற்றிப் பார்த்தார். அப்போதும் அந்த மாடலுக்குரிய மணிச்சத்தம் மட்டும்தான் வந்தது.

பதினாலு மாதமாகிறது. ‘போயிட்டு வரேன்’ என்று அந்தக் குரல் சொல்லி அக்கா வீட்டில் இதுவரை யாரும் கேட்கவில்லை.