திருவிழாக் காலத்துச் சத்துக் குளிசை

வேலையால் வந்தால் என் மனைவி முதலில் செருப்பைக் கழற்றுவாள். அந்த ஆண்டு வைகாசி மாதத்தில் இருந்து செருப்போடே கதிரையில் இருந்தாள். கைப்பை மடியில் கிடக்கும். கண்ணை மூடியிருப்பாள், ஆனால் நித்திரை இல்லை. இணுவிலில் எங்கள் வீடு. அவள் பக்கத்தில் உள்ள திருநெல்வேலியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். நாளெல்லாம் இருந்து செய்யும் வேலை, பெரிய பயணமும் இல்லை. களைப்புக்கு நாங்கள் வெயிலைக் காரணம் சொன்னோம், பிறகு பஸ்சை.

எங்கள் ஊரில் களைக்கிறது என்று சொன்னால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எதைக் குடிக்க வேண்டும் என்று சொல்வார்கள். அயல்வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் முசுட்டை இலையும் வல்லாரையும் நீட்டினார். முருங்கையிலை எங்கள் வளவிலேயே இருந்தது. எல்லாவற்றையும் அரைத்துச் சாறெடுத்து, தேங்காய்ப்பால் விட்டு, காலையில் இலைக்கஞ்சி.

"விடாமல் ஒரு மாதம் குடி. எழும்பி ஓடுவாய்," என்றார் அக்கா.

"ஓடி எங்கை போறது அக்கா? நிக்க ஏலுமெண்டாலே காணும்."

நான் ஒரு பத்திரிகையில் பக்கங்களைத் திருத்துகிறவன். களைப்பைப் போக்கும் கீரைகள், உடலுக்குத் தெம்பு தரும் விற்றமின்கள் என்று வாரம் ஒரு கட்டுரையாவது என் மேசைக்கு வரும். அவற்றின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: களைப்புத் தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டவும். பக்கத்தில் இடம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவதும் அந்த வரிதான்.

நல்லூர் முருகன் கோயில் கொடியேற்றத்துக்கு முதல் கிழமை மனைவியின் தங்கை லண்டனில் இருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். பெட்டியைத் திறந்ததும் ஒரு பெரிய போத்தலை எடுத்துத் தன் அக்காவின் கையில் வைத்தாள். சத்துக் குளிசை. எண்ணெய் அடைத்த, கண்ணாடி போன்ற மஞ்சள் உருண்டைகள்.

"அங்கை எல்லாரும் உதிலைதான் ஓடித் திரியினம். நீங்கள் இலையை அரைச்சுக்கொண்டு இருங்கோ."

கொடியேறினால் எங்கள் வீட்டில் மீனும் இறைச்சியும் இல்லை. மச்சம் சமைக்கும் சட்டிகளைக் கழுவி, சாக்கில் கட்டி, பின்பக்கக் கொட்டிலில் வைத்துவிடுவோம். தேர் முடியும்வரை மனைவிக்கு ஒருநேரச் சோறு. காலைக் கஞ்சி மருந்து என்பதால் சாப்பாட்டில் சேராது. கஞ்சி குடித்த கையோடு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி. அதன்பின் ஒரு குளிசை. பிறகு கோயில், அங்கிருந்து அலுவலகம். குளிசை தொடங்கிய பிறகு கொஞ்சம் சுகம் என்று சொன்னாள். சொல்லும்போதும் இருந்துகொண்டுதான் சொன்னாள்.

போத்தல் குசினி யன்னலில் இருந்தது. அந்த யன்னலுக்கு நேரே காலை வெயில் விழும். திருவிழாவின் நடுப்பகுதியில் ஒருநாள், குளிசைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. மனைவி கரண்டிக் காம்பால் ஒன்றைப் பிரித்தெடுக்கப் பார்த்தாள். அது வெடித்து எண்ணெய் அவள் கையில் வழிந்தது.

குசினி முழுக்க மீன் மணத்தது.

மனைவி கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"கொடியேறின நாள் தொடக்கம் முழுகிப்போட்டு இதைத்தானே விழுங்கினனான்?"

"போத்தலிலை பச்சை இலை கீறியிருந்தது. மரக்கறிதான் எண்டு நினைச்சிட்டன்," என்றாள் தங்கை. பிறகு சமாளித்துக்கொண்டு, "முருகன் என்ன, போத்தலைத் திறந்து மணந்து பாத்தவரே?" என்று கேட்டாள்.

"நான் மணந்து பாத்திட்டன்."

அன்றோடு மத்தியானச் சோற்றையும் நிறுத்தினாள். பாலும் பழமும் மட்டும். காலைக் கஞ்சியும் தேத்தண்ணியும் மருந்துக் கணக்கில் தொடர்ந்தன. தேர் முடியும்வரை இப்படியே இருக்கப்போவதாகச் சொன்னாள். பிழைபட்ட விரதத்தை அப்படியே விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. நான் மறித்துப் பார்த்தேன். தங்கை அழுதும் பார்த்தாள்.

நாலாம் நாள் அலுவலகத்தில் இருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. மாடிப்படியில் பாதியில் இருந்துவிட்டாளாம், எழும்ப முடியவில்லையாம். முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வைத்தியரிடம் போனேன்.

வைத்தியர் நடுவயதுப் பெண். மனைவியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். இரத்தம் எடுக்கச் சொன்னார். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டு, கஞ்சியை நான் விபரிக்க, இடையில் மறித்தார்.

"உடனை தேத்தண்ணி குடிக்கிறனீங்களோ?"

"ஓம் டொக்டர். பழக்கம்."

"இலையிலை இருக்கிற இரும்புச்சத்தைத் தேத்தண்ணி உடம்பிலை சேரவிடாது. கஞ்சியிலை பிழையில்லை. ஆனால் உங்களுக்குக் கஞ்சி மட்டும் காணாது."

பிறகு என்னை வெளியே இருக்கச் சொன்னார். கதவு கனநேரம் பூட்டியிருந்தது.

முடிவு வந்தபோது இரத்தம் மிகக் குறைவாக இருந்தது. இரும்புக் குளிசை, மூன்று நேரச் சாப்பாடு, திருவிழா முடிந்ததும் ஸ்கான். தேர் முடியும்வரை பொறுக்க முடியாதா என்று மனைவி கேட்டாள்.

"தேருக்குப் போங்கோ. சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்றார் வைத்தியர்.

திரும்பி வரும்போது வண்டியில் அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள், மாதத்தீட்டு ஒரு வருசமாக அளவுக்கு மிஞ்சிப் போகிறது, நிற்கவும் நாளெடுக்கிறது என்று.

"ஏன் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது?"

வண்டி வீட்டடியில் நின்றதும் அவள் மடியில் கிடந்த கைப்பையை வாங்கிக்கொண்டேன்.

தேரன்று காலை வீதியால் சனம் நல்லூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மனைவி முழுகி, திருநீறு பூசி, புதுச்சேலை உடுத்து வந்து மேசையில் இருந்தாள். தங்கை இடியப்பமும் சொதியும் வைத்தாள். மனைவி தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள். பிறகு சாப்பிட்டாள், மெதுவாக, கடமை செய்வதுபோல. தேத்தண்ணிக்குப் பதிலாகத் தேசிக்காய்ப் புளி பிழிந்த தண்ணியோடு இரும்புக் குளிசையை விழுங்கினாள்.

"வெளிக்கிடுவமே?" என்று கேட்டேன்.

"சனத்துக்கை என்னாலை நிக்க ஏலாதப்பா. நான் கொஞ்சம் படுக்கிறன். ரீவியிலை தேர் இழுக்கத் தொடங்க எழுப்புங்கோ."

தேர் இழுக்கத் தொடங்கியதும் போய்த் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அடுத்த அறையில் இருந்து அரோகராச் சத்தம் வந்துகொண்டிருந்தது. சேலை கசங்கும் என்று அவள் யோசிக்கவில்லை.

"நீங்கள் பாருங்கோ," என்றாள். மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.