யூஜீனியாவின் ஏழு பிளொப்பிகள்

யூஜீனியாவுக்கு நான் எழுபத்திரண்டாயிரம் ரூபாய் கடன் பட்டிருந்தேன். பதினெட்டு வருடம் அதைக் கடன் என்று ஒத்துக்கொள்ளவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மாம்புரிக் கரையில் கூலிக்கு வலை இழுத்துத் தொடங்கி, இரண்டு கரைவலைக்குச் சொந்தக்காரனான சம்மாட்டி ஆனேன். இந்தக் கரையில் முதன்முதல் கொம்பியூட்டர் வைத்த சம்மாட்டியும் நான்தான். கொழும்பில் ஒரு கம்பனிக் கந்தோர் கழித்துவிட்டதை லொறியில் ஏற்றி வந்தேன். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. எதையும் தட்டித்தான் சொல்ல வேண்டும்.

அதை ஆளத் தெரிந்த ஒரே ஆள், என் வலையில் வேலை செய்த கில்பட்டின் மனைவி யூஜீனியா. என் இருபத்திரண்டு வலைக்காரரும் பங்கில் கொஞ்சத்தை நத்தார்ப் பண்டிகைக்கென்று என்னிடம் விட்டுவைப்பார்கள். அந்தக் கணக்கை அவள்தான் ஏற்றினாள். மாதக் கடைசியில் ஒரு கட்டளை தட்டுவாள். முதலாம் பிளொப்பித் தட்டைப் போடு என்று மெசின் கேட்கும், போடுவாள். பிறகு இரண்டாவது. ஏழு பிளொப்பிக்குள் முழுக் கணக்கும் போய்விடும். சுவரில் இங்கிலீசுக் கட்டளைத் தாள் ஒன்று ஒட்டியிருந்தாள். நீல மையில் மேல்வரி, கணக்கைப் பிளொப்பிக்கு எடுக்க. சிவப்பு மையில் கீழ்வரி, மெசின் பழுதானால் பிளொப்பியிலிருந்து திரும்பக் கொண்டுவர.

2006 தை மாதத்துக்குப் பிறகு பிளொப்பிகள் மக்கர் பண்ணின.

"உப்புக்காத்தில பூஞ்சணம் பிடிச்சிட்டுது, சம்மாட்டியார். வாசிக்குது, எழுதுதில்லை. புதுப் பெட்டி ஒண்டு வாங்கித் தாங்கோ."

"எனக்கு இங்கிலீசு வாசிக்கவும் தெரியாது, எழுதவும் தெரியாது. நான் சம்மாட்டி ஆகேல்லையா?"

வாங்கிக் கொடுக்கவில்லை.

ஆவணியில் கில்பட் போன வள்ளம் திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. யூஜீனியா வீட்டோடு கிடந்தாள். அந்த நாளில் மெசின் கரகரக்கத் தொடங்கியது. கணக்குப் போய்விடும் என்று பயந்து நானே அதன் முன்னால் கதிரையில் இருந்தேன். எந்த வரி எதற்கென்று யாரையும் கேட்கவில்லை. தாளைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டி, மெசின் கேட்ட ஒழுங்கில் ஏழையும் போட்டேன். அவளுக்கு எழுத மறுத்த பிளொப்பி எனக்கு மறுக்கவில்லையே என்று பெருமை வேறு.

முப்பத்தொராம் நாள் பூசை முடிந்து அவள் வந்தாள். கணக்கு தையோடு நின்றது. ஏழு மாதத்தைக் காணோம். அவள் சுவரைப் பார்த்தாள்.

"எந்த வரியைத் தட்டினீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

விளங்கிவிட்டது. சிவப்பு வரியைத் தட்டி, பழைய கணக்கைக் கொண்டுவந்து புதியதன் மேல் போட்டிருக்கிறேன். அதற்குள் வலைக்காரரின் தலைவன் அன்ரனிப்பிள்ளை ஆட்களோடு கணக்குக் கேட்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

"இவள்தான் அழிச்சுப்போட்டாள்" என்றேன்.

"புருசன் போக முந்தியே கை நீண்டிருக்கு" என்றான் அவன்.

அவள் வேலையை விடவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள், வேறு சம்பளம் இல்லை. வலைக்காரருக்கு ஒரு மதிப்பில் காசு கொடுத்தேன். அதற்கென்று அவள் சம்பளத்தில் மாதம் ஆயிரத்தைந்நூறு வெட்டினேன், நாலு வருடம். மூத்தவள் கௌசல்யாவுக்கு முந்தல் ஊரிலிருந்து வந்த சம்பந்தம் கள்ளியின் மகள் என்ற கதையோடு நின்றது.

இந்த வருடம் நெஞ்சுவலியில் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பாவசங்கீர்த்தனம் கேட்க வந்த பங்குச் சுவாமியார், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் என்னிடம் வராதே என்றார். யாருக்கும் பணியாத நான் அவருக்குப் பணிந்தேன்.

யூஜீனியா இப்போது ஜபார் முதலாளியின் கருவாட்டு வாடியில் மீன் வெட்டுகிறாள். அங்கே போய்க் காசை நீட்டினேன். வாங்கவில்லை.

"அண்டைக்கு நீங்கள் ஆருக்குச் சொன்னீங்களோ, அந்த ஆளுக்கு முன்னால சொல்லுங்கோ."

அன்ரனிப்பிள்ளையைக் கூட்டிவந்தேன். வாடிப் பெண்கள் கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"கணக்கை அழிச்சது நான். அவளில்லை."

"பதினெட்டு வருசமா, சம்மாட்டியார்?" அன்ரனிப்பிள்ளை மணலைப் பார்த்தான். "அப்ப வட்டி?"

"கௌசல்யாவுக்கு முப்பத்தெட்டு வயசு" என்றாள் யூஜீனியா. "அதுக்கு வட்டி ஆர் போடுறது? முதலை எண்ணுங்கோ."

செதில் ஒட்டிய கையை வாளியில் கழுவி விரித்தாள். நான் சத்தமாக எண்ணி வைத்தேன். ஐயாயிரம் தாள் பதினான்கு. ஆயிரம் தாள் இரண்டு.