திருக்கையின் வயிற்றில் சுறாக்குட்டி

சாய்ந்தமருது மீன் சந்தையில் அறுத்த திருக்கையின் வயிற்றில், சின்னவிரல் நீளக் குட்டிகள் சுறாவைப் போல ஒடுங்கிக் கிடந்தன.

"சுறாக்குட்டியத் திண்டிருக்கு" என்று உயிரியல் ஆசிரியையான நான் எல்லோர் முன்னும் அடித்துச் சொன்னேன்.

மீன் வெட்டும் றிஸ்வான் என் பழைய மாணவன், விஞ்ஞானப் பரீட்சையில் தவறியவன். "இல்ல டீச்சர், திருக்கைக் குட்டிதான். செட்டை பொறகுதான் விரியும். இரிங்க, காட்டுறன்."

இன்னொரு திருக்கையை அறுத்தான். அதிலிருந்த பெரிய குட்டிகளின் செட்டைகள் தலைவரை விரிந்திருந்தன. எனக்கு மெய்சிலிர்த்தது! திருக்கையின் மரபணுக்கள் கருவில் செட்டையை முன்னோக்கி வளர்த்து உடலைத் தட்டையாக்கும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதியவள், நேரில் கண்டபோது அடையாளம் தெரியாமல் நின்றிருக்கிறேன்.

"நாளைக்கு வகுப்புக்கு வந்து காட்டுவியா?"

"நானா டீச்சர்?"

"ஓம், நீதான்."

மறுநாள் பிள்ளைகள் அவனைச் சுற்றி முண்டியடித்தார்கள். நானும் குறிப்பெழுதக் கொப்பியோடு அவர்களுக்குள் புகுந்துகொண்டேன். அவ்வளவு ஆசையாக நான் எதையும் படித்ததில்லை.