பஸ் மணி ஏழு, ஆபீஸ் மணி ஏழரை

கீரப்பாளையத்து ராசம்மாளுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி என்று ஊரில் சொல்வார்கள். பத்தொன்பது வயதில் புருஷனைக் காலராவுக்குப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வைத்திலிங்கம் வீட்டுக்கு வந்தவள், ஒரு வருஷம் அழுதாள். அழுது முடித்ததும், கல்யாணத்துக்காக நிறுத்திய படிப்பை மறுபடி தொடர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தன் தோளுக்குக்கூட வராத பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து எட்டாவது பாஸ் செய்தாள். அதற்கு மேல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி இருந்தது. சேர்வதற்கு ஒரு பரீட்சை; இருபத்தைந்து வயதுக்கு மேல் எழுத விடமாட்டார்கள். 1943 ஜூன் மாதம் பரீட்சைச் சீட்டு வந்தபோது அவளுக்கு இருபத்து நான்கு.

அது சண்டைக் காலம். முந்தின செப்டம்பரில் சர்க்கார் தேசத்துக் கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்தது. தாலுக்கா கச்சேரி, தபாலாபீஸ், ரயில் எல்லாம் புது மணிக்கு மாறிவிட்டன. சிதம்பரத்தில் கோயிலுக்குப் போகிறவர்களும் வயலுக்குப் போகிறவர்களும் மாறவில்லை. சூரியன் சர்க்கார் உத்தியோகஸ்தர் இல்லையே என்று அவர்கள் பழைய மணியிலேயே இருந்தார்கள். இந்த இரண்டு கூட்டமும் ஏறுகிற பஸ் ஒன்றே ஒன்றுதான். சிதம்பரத்தில் புறப்பட்டு, கீரப்பாளையம், புவனகிரி வழியாகக் கடலூர் போகும் தேவநாதனுடைய கரி வண்டி அது. பெட்ரோல் கிடைக்காததால் பின்பக்கம் ஒரு கொதிகலனைக் கட்டி, அடுப்புக் கரியில் ஓடிக்கொண்டிருந்தது.

தேவநாதன் யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிற மனிதர். இப்படிப்பட்டவர்களால்தான் ஊரில் பாதிக் குழப்பம் வருகிறது. புது மணிக்கு விட்டால் கோயில்காரர்கள் முகம் சுளிப்பார்கள், பழைய மணிக்கு விட்டால் வக்கீல் குமாஸ்தாக்கள் கத்துவார்கள். இரண்டு நாள் யோசித்து, பஸ் கடிகாரத்தை நடுவில் வைத்தார். புது மணிக்கு அரை மணி பின்னால், பழைய மணிக்கு அரை மணி முன்னால். இரு தரப்புக்கும் நியாயம் செய்துவிட்ட திருப்தியில் அன்றைக்கு ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார் என்று கண்டக்டர் கண்ணாயிரம் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ராசம்மாளுக்கு இது தெரியாது. அவள் அதுவரை பஸ்ஸில் ஏறியதே இல்லை. சீட்டில் பத்து மணி என்று இருந்தது. நெல் மில் சுவரில் மாட்டியிருந்த பஸ் பலகையில் காலை ஏழு என்று இருந்தது. கடலூருக்கு இரண்டரை மணி நேரம் என்று விசாரித்தாள். ஒன்பதரைக்குப் போய்விடலாம், பள்ளிக்கு நடக்கப் பத்து நிமிஷம், இன்னும் இருபது நிமிஷம் மிச்சம் என்று கணக்குப் போட்டாள். தபாலாபீஸ் கடிகாரத்தில் ஏழடிக்கக் கால் மணி இருக்கும்போதே வந்து நின்றாள். பஸ் வந்தபோது அதே கடிகாரத்தில் ஏழரை.

“லேட்டாயிடிச்சே” என்றாள் கண்ணாயிரத்திடம்.

கண்ணாயிரத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் காட்டினான். “பாருக்கா. ஏழு. ஒரு நிமிசம் முன்ன பின்ன கெடையாது. நம்ம வண்டி என்னைக்கும் கரெக்ட் டைம்.”

கரெக்ட் டைமில் போன வண்டி பத்துக்குக் கடலூர் சேர்ந்தது. ராசம்மாள் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து பத்து, கதவு சாத்தியிருந்தது. வாசலில் இருந்த பியூன் நல்லவர்தான், ஆனால் கதவைத் திறக்கிற அதிகாரம் அவருக்கு இல்லை. அரை மணி முன்னால் வந்திருக்கக் கூடாதாம்மா என்று கேட்டார். அந்த அரை மணியை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று அவளுக்கு அப்போது புரியவில்லை. மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள்.

வீட்டில் வைத்திலிங்கம் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் ஒரு தடவை போய் வா, அதுவும் இல்லையென்றால் பேசாமல் வீட்டோடு இருந்துவிடு, ஊர் வாய்க்கு என்னால் பதில் சொல்லி முடியவில்லை என்றான். அவன் சொல்லாவிட்டாலும் அடுத்த வருஷம்தான் கடைசி. வயது அவளுக்காக நிற்காது. இனி ஆயுளுக்கும் அண்ணி வீட்டு அடுப்படியா, அல்லது தன் கையில் ஒரு சாக்பீஸா என்பது இன்னொரு காலை வேளையில் முடிவாகிவிடும்.

திரும்பும் வழியில் கண்ணாயிரத்திடம் கேட்டு அந்த நடு மணியின் கதையைத் தெரிந்துகொண்டவள், மறுநாள் காலையில் நெல் மில் சுவரருகே போனாள். பஸ் நின்று போன இடத்தில் கரித்துண்டுகள் சிதறிக் கிடந்தன. ஒன்றை எடுத்துச் சுவரில் மூன்று பத்தி போட்டாள். தலைப்பில் ஆபீஸ், பஸ், கோயில் என்று எழுதினாள். ஆபீஸ் ஏழரை என்றால் பஸ் ஏழு, கோயில் ஆறரை. இப்படி விடிகாலையிலிருந்து பொழுது சாயும் வரை எழுதி வைத்தாள். விதவைப் பெண் நடுத்தெருவில் சுவரில் கிறுக்குகிறாள் என்று இரண்டு பேர் வைத்திலிங்கத்திடம் போய்ச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் அந்த இரண்டு பேருமே சுவரைப் பார்த்துவிட்டுத்தான் கடலூர் கோர்ட்டுக்குப் புறப்பட்டார்கள். மழை வந்து அழிக்கும். அவள் மறுபடி எழுதுவாள்.

அதோடு விடவில்லை. தினமும் பஸ் வரும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்தாள். புவனகிரியில் வண்டி சாம்பலைத் தட்டிக் கரி நிரப்ப எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கண்ணாயிரத்தைக் கேட்டுக் கேட்டு அதையும் எழுதினாள். ஒரு நாளும் அரை மணிக்குக் குறையவில்லை. கண்ணாயிரம் முதலில் கிண்டல் செய்தான். பிறகு, அவள் கேட்காமலே பஸ் ஜன்னலிலிருந்து விவரத்தைக் கத்திவிட்டுப் போகப் பழகிக்கொண்டான்.

1944 ஜூனில் சீட்டு வந்தது. இந்தத் தடவை பத்தரை மணி. அந்த அரையைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. பஸ் பத்துக்குச் சேர்ந்தால் பத்து பத்துக்குப் பள்ளியில் இருக்கலாம். ஆனால் கரி வண்டியை நம்பி இருபது நிமிஷத்தில் ஒரு வாழ்க்கையை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சிதம்பரம் போய் தேவநாதனையே பார்த்தாள். அந்த ஒரு நாளாவது பஸ்ஸை ஆபீஸ் மணிக்கு எடுக்கக் கூடாதா என்று கேட்டாள்.

தேவநாதன் அவளை உட்காரச் சொல்லி மோர் கொடுத்து, தன் மணியின் பெருமையை விளக்கினார். அவர் பஸ்ஸில் வருகிற வக்கீல் ஒருவர் சொல்லித் தந்த கணக்கு அது.

“உலகத்துக்கே மணி எண்ணுறது கிரீன்விச்சுன்னு ஒரு ஊர்லேர்ந்தும்மா. அதுக்கும் நமக்கும் அஞ்சரை மணி. அந்த அரைய வச்சது நானா? வெள்ளைக்காரன். இப்ப சண்டைன்னு ஆறரை ஆக்கிட்டான், அப்பவும் அந்த அரை போவல. நான் நடுவுல வச்சேன், சரியா ஆறு. யோசிச்சிப் பாரு, இந்தத் தேசத்துலயே முழு மணி ஓட்றவன் நான் ஒருத்தன்தான்.”

“முழு மணிதாங்க ஐயா” என்றாள் ராசம்மாள். “ஆனா கோயிலுக்குப் போறவங்களுக்கும் ஒதவல, கோர்ட்டுக்குப் போறவங்களுக்கும் ஒதவல. எனக்குப் போன வருசம் ஒரு வருசமே போயிடிச்சி.”

தேவநாதன் அவள் குடித்த மோர் தம்ளரை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு, “பாக்கலாம்” என்றார்.

எங்கள் பக்கத்தில் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அப்படிச் சொல்வார்கள். ராசம்மாள் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தாள். இருபது நிமிஷம் என்றால் இருபது நிமிஷம், அதை வைத்தே போய்க் காட்டுகிறேன் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பரீட்சை நாள். ஊர்க்கோடியிலிருந்த வீட்டிலிருந்து நடந்து, தபாலாபீஸ் கடிகாரத்தில் ஏழேகாலுக்கு மில் சுவரருகே வந்தாள். ஒரு வருஷக் கணக்குப்படி பஸ் வர இன்னும் கால் மணி இருந்தது. ஆனால் நடுரோட்டில் கரித்துண்டுகள் புகைந்துகொண்டிருந்தன. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, வண்டி இப்போதுதானே போனது, உனக்குத் தெரியாதா என்று கேட்டார்.

அவள் புவனகிரிப் பக்கம் ரோட்டைப் பார்த்தாள். பிறகு நோட்டில் எழுதியது கண் முன்னால் வந்தது. ஆபீஸ் மணி ஏழுக்கே போயிருந்தால் ஏழேகாலுக்குப் புவனகிரி. அங்கே அரை மணி நிற்கும். புவனகிரிக்கு இரண்டு மைல். கையில் இருக்கிறது முழுசாக அரை மணி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். எதிரே வந்த வண்டிக்காரர்கள் என்னவோ கேட்டார்கள், அவள் காதில் விழவில்லை. மூச்சு வாங்கும்போது நடந்தாள், நடக்கும்போதெல்லாம் போன வருஷத்துக் கதவு ஞாபகம் வந்தது, உடனே ஓடினாள்.

புவனகிரியில் கண்ணாயிரம் கொதிகலனை மூடி, கரித் தணலை ஊதும் விசிறிக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான். வண்டி உறுமத் தொடங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் கைப்பிடியை விட்டுவிட்டான். முன் சீட்டிலிருந்து, என்றைக்கும் பஸ்ஸில் வராத தேவநாதன் இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் அங்கவஸ்திரம், முகத்தில் பெரிய வருத்தம்.

“உனக்காகத்தாம்மா இன்னைக்கி அரை மணி முன்னாடி எடுத்தேன். நேர்ல கொண்டாந்து விடணும்னு நானே ஏறி வந்தேன். கீரப்பாளையத்துல அஞ்சு நிமிசம் ஹாரன் அடிச்சோம். நீ எங்கம்மா போயிட்ட?”

ராசம்மாள் பஸ் படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். “முன்னாடி எடுக்கறன்னு எனக்கு நீங்க சொல்லவே இல்லியே ஐயா.”

“சொன்னனே” என்றார் தேவநாதன், உண்மையாகவே திகைத்துப்போய். “பாக்கலாம்னு சொன்னனே.”

ஒரு வருஷத்துக் கோபமும் அப்போது அவளுக்குள் கொதித்தது. கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து கண்ணில் தண்ணீராக வந்தது. அந்த மனிதர் முகத்தைப் பார்த்த பிறகு அவளால் திட்ட முடியவில்லை. ஏறி உட்கார்ந்தாள். பஸ் ஒன்பதரைக்கெல்லாம் கடலூரில் நின்றது. போன வருஷத்துப் பியூன் அவளை அடையாளம் கண்டுகொண்டு, இவ்வளவு சீக்கிரமா என்று கேட்டார். கேள்வித்தாளை அவள் கடைசி வரிவரை எழுதினாள்.

அந்த வருஷமே பயிற்சியில் சேர்ந்தாள். முடித்ததும் செம்மண்டலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அவள் வகுப்புப் பிள்ளைகள் அவளிடம் எதைக் கேட்டாலும் ஆகும் அல்லது ஆகாது என்றுதான் பதில் வரும். பார்க்கலாம் என்று ஒரு பிள்ளையிடமும் அவள் சொன்னதில்லை.

நாற்பத்தைந்தில் சண்டை முடிந்து, அக்டோபர் நடுவில் சர்க்கார் கடிகாரத்தைப் பழையபடி பின்னால் வைக்கப்போகிறது என்று செய்தி வந்தது. பஸ் கடிகாரம் இன்னும் நடுவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே ராசம்மாள் தேவநாதனுக்கு ஒரு கார்டு போட்டாள். “ஐயா, இனி கோயிலுக்கும் கச்சேரிக்கும் ஒரே மணி. பஸ்ஸையும் அதே மணிக்கு விடவும். பலகையில் ஏழு என்றால் எல்லோருக்கும் ஏழாக இருக்கட்டும். பார்க்கலாம் என்று மட்டும் பதில் எழுத வேண்டாம்.”

நான்காம் நாள் பதில் கார்டு வந்தது. விலாசம் தேவநாதனின் கொட்டை எழுத்தில் இருந்தது. பின்பக்கம் திருப்பினால், முழுக் கார்டுக்கும் ஒரே வார்த்தை.

“சரி.”