மண்ணெண்ணெய்ப் பெட்டி நாற்காலி

என் வீட்டுக்காரர் கண்ணில் பட்ட எதுவும் குப்பைக்குப் போனதில்லை. பால் டின் குவளையாகும். குவளை ஓட்டையானால் விளக்காகும். கிழிந்த சாக்கைக்கூட விடமாட்டார். மலாயாவில், பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் காலை நீட்டிப் படுக்க இடம் கிடையாது. கேட்டால், "இருக்கட்டும் புள்ள, எதுக்காச்சும் ஆகும்" என்பார். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தாய் தகப்பன் இல்லாத என் தங்கை எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு முதலில் வந்த சம்பந்தம் தட்டிப்போனதிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்புறம் செடெனாக்கிலிருந்து ஒரு பையனும் அவன் அம்மாவும் ரயிலேறிப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். இதுவும் தட்டிப்போனால் அவள் மனசு விட்டுப்போகும் என்று எனக்குப் பயம்.

நான் வீட்டை மெழுகி, புதுப் பாய் வாங்கி வைத்தேன். இவருக்கோ, மாப்பிள்ளை தரையில் உட்காருவதா என்று ரோஷம். மண்ணெண்ணெய் டின்கள் வந்த மரப்பெட்டிகளை உடைத்து நாற்காலி அடித்தார். உட்காரும் இடத்தில் பழைய சாக்கை மடித்துப் போட்டு, மேலே மாவு மூட்டைத் துணியை இழுத்து ஒட்டினார். ஆணி தீர்ந்துவிட்டதாம். பசைக்கு ரப்பர்ப் பால். வாளியின் அடியில் மிஞ்சியதை, அவர்கள் வருகிற அன்று வேலைவிட்டு வந்த கையோடு தாராளமாகப் பூசினார்.

"இது எப்பங்க காயும்?" என்றேன்.

"பால்மரம் வெட்றவனுக்கே பாடமா?" என்றார்.

நானும் வெட்டுகிறவள்தான். அது யாருக்கு ஞாபகம்?

பையன் பாயில்தான் உட்காரப் போனான். இவர் விட்டால்தானே! கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தார். பையன் கட்டியிருந்தது புது வெள்ளை வேட்டி. கொஞ்ச நேரத்தில் நெளிந்தான். எழுந்தான், நாற்காலியும் கூடவே எழுந்தது. பால் துணியில் ஊறி மேலே வந்து வேட்டியைக் கவ்விக்கொண்டிருந்தது. இவர் நாற்காலியை இழுக்க, அவன் வேட்டியை இழுக்க, டர்ரென்று கிழிந்துபோனது. இவரையும் நாற்காலியையும் சேர்த்து அடுப்பில் வைக்கலாம் போலிருந்தது எனக்கு.

பையனின் அம்மா எழுந்துவிட்டார்.

"கெளம்புப்பா. பொண்ணு பாக்க வந்த எடத்துல வேட்டி கிழிஞ்சிருக்கு. சகுனம் சரியில்ல."

"வேற வேட்டி தரேங்க," என்றார் இவர், அதுதான் பிரச்சினை என்பதுபோல. அடுப்படியில் தங்கை காப்பித் தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

பையனுக்கும் கேட்டிருக்க வேண்டும். கிழிசலை இழுத்துச் சுற்றிக்கொண்டு, அந்த ஈரத்தின் மேலேயே திரும்ப உட்கார்ந்தான்.

"மறுபடி ஒட்டிக்கிச்சும்மா," என்றான். "பொண்ணு காப்பி கொண்டாரட்டும்."

அவன் அம்மா கொஞ்ச நேரம் மகனையே பார்த்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். இவர் என்னடாவென்றால், நாற்காலி நன்றாக அமைந்துவிட்டது என்ற முகத்தோடு நிற்கிறார். திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள், நான் கூப்பிடாமலே தங்கை காப்பித் தட்டோடு வெளியே வந்தாள்.