முன்னால் ஒரு கீறல் இல்லை

அந்தக் காரின் முன்பக்கத்தில் ஒரு கீறல் கிடையாது. பின்பக்கத்தில் ஒன்பது நசுங்கல். எண்ணியவன் நான். ஏழு வருடமாக அந்தக் காருக்கு ஆயில் மாற்றி, பெல்ட் மாற்றி, சக்கரம் கழற்றி மாட்டுகிற மெக்கானிக். ஓட்டவே தெரியாத பிள்ளைகள் ஏழு வருடம் ஓட்டிப் பழகிய கார் அது. அவர்கள் யாரையும் இடிக்கவில்லை. ஓட்டத் தெரிந்த பெரிய மனிதர்கள்தான் பின்னாலிருந்து வந்து வந்து இடித்திருக்கிறார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

காரின் சொந்தக்காரிக்கு எங்கள் தெருவில் டபுள் பிரேக் அக்கா என்று பெயர். ஓட்டக் கற்பவரின் காலடியில் இருப்பது போலவே, பக்கத்து சீட்டில் உட்காரும் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதனால் வந்த பெயர். நாற்பத்தெட்டு வயது. பதினோரு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். பிறகு என் பட்டறையை ஒட்டிய ஒற்றை அறையைப் பிடித்து டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தார். ஒரு மேஜை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் சாலை வரைந்த ஓர் இரும்புப் பலகை. காந்தம் ஒட்டிய பொம்மைக் கார்களை அதில் நகர்த்திக் காட்டுவார். அவர் செருப்புகளில் ஒன்று மட்டும் சீக்கிரம் தேயும், பிரேக் மிதிக்கிற காலின் செருப்பு. அதைத் தூக்கிக் காட்டி, "இந்த மாசப் பசங்க பரவாயில்ல தம்பி, பாதிதான் தேஞ்சிருக்கு" என்பார்.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. "எங்க அண்ணன் எனக்குத் தலையில குட்டிக்கிட்டேதான் ஓட்டக் கத்துக்குடுத்தான். இன்னிக்கும் கியர் மாத்தும்போது தலை தானா குனியுது. அதைப் போய் இன்னொருத்தருக்குக் குடுக்கணுமா?" என்று ஒருமுறை சொன்னார்.

நான் அப்படி இல்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பின்பக்கம் நசுங்கி வரும் ஒவ்வொரு முறையும், "யாருக்கா அவன், நம்பரைக் குறிச்சீங்களா" என்று குதிப்பேன். நிமிர்த்தித் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்பார். கற்க வருகிறவர்களை முதல் நாள் காரைச் சுற்றி ஒரு நடை நடக்க வைப்பார். தப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்பது அவர் கணக்கு.

போன வருடம் மருந்துக்கடைக்காரர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும், எதைப் பின்னால் போட வேண்டும் என்று மூன்று முறை கேட்டாலும் மூன்று முறையும் முகம் கோணாமல் சொல்வார். மகளுக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது, ஊரின் மறுகோடியில் உள்ள ஆஸ்பத்திரியில். காலை ஆறு மணிக்கு டியூட்டி. முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். விடுதியில் இடமில்லை. அடுத்த மாதத்துக்குள் லைசென்ஸ் வாங்கினால் உண்டு, இல்லையென்றால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

"நானே கத்துக்குடுத்துப் பாத்தேங்க. நாலாவது நாள் நடு ரோட்டுல வண்டியை நிறுத்திட்டு இறங்கி நடந்து போயிட்டா. கொஞ்சம் பயந்த சுபாவம்" என்றார். மகள் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து எங்களுக்கு அவள் நர்ஸ் பாப்பா.

பயந்த சுபாவம் என்றால் நம்ப முடியவில்லை. எட்டே நாளில் கிளட்ச், கியர், ஸ்டியரிங் எல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டன. பட்டறைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் காரைப் பின்னோக்கிக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்துவாள்; நானே இரண்டு தடவை முன்னும் பின்னும் போய்த்தான் அதைச் செய்வேன். ஆனால் சாலையில் பின்னால் ஒரு ஹார்ன் கேட்டால் போதும், கையும் ஓடாது, காலும் ஓடாது. எஞ்சின் அணைந்துவிடும். இரண்டாவது ஹார்னுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

"ஹார்ன் அடிச்சா எல்லாரும்தான் பதறுவாங்க. இந்தப் பொண்ணு வேற மாதிரி தம்பி. 'பின்னாடி இருக்கிறவங்க இப்ப என்னை என்ன சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா'ங்கறா. கண்ணாடியெல்லாம் ஏத்தியிருக்கே, எப்படிடி தெரியும்னு கேட்டா, 'தெரியும்'ங்கறா. அதுக்கு மேல வாயைத் தொறக்கல" என்றார் அக்கா, டீயை ஆற்றிக்கொண்டே.

அதன் பிறகு மற்றப் பாடங்களை ஓரம்கட்டிவிட்டு இதை மட்டும் எடுத்தார். ஹார்ன் கேட்டால் முதலில் தோளை இறக்கு. ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்குப் பயந்து வேகத்தைக் கூட்டாதே, முன்னால் இருக்கும் இடைவெளியைக் கூட்டு. ஒதுங்க இடம் கிடைத்தால் ஒதுங்கி அவனைப் போகவிடு, உன் மானம் ஒன்றும் போய்விடாது. முகத்தைப் பார்க்காதே, சக்கரத்தைப் பார். வண்டி எங்கே திரும்பப் போகிறது என்று அதுதான் சொல்லும். கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டு. யாராவது இறங்கி வந்து கத்தினால் கதவைத் திறக்காதே, கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, ஏன் நிற்கிறாய் என்பதை மட்டும் ஒரே வாக்கியத்தில் சொல். மன்னிப்புக் கேட்காதே, பதிலுக்குக் கத்தவும் கத்தாதே. "முன்னாடி இருக்கிறது உன் வேலை. பின்னாடி இருக்கிறது அவங்க அவசரம். அதை நீ வாங்கித் தலையில வச்சுக்காத" என்று தினமும் சொல்வார்.

எனக்கு இந்தப் பாடமே பிடிக்கவில்லை. பதினெட்டு வயதுப் பெண் தோளை இறக்கப் பயிற்சி எடுக்க வேண்டும். ஐம்பது வயது ஆள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஹார்னில் கையை ஊன்றிக்கொண்டு வரலாம். இது எந்த ஊர் நியாயம்? "அவங்களுக்கெல்லாம் யாருக்கா பாடம் எடுக்கிறது?" என்று கேட்டேன். "அவங்க யாரும் என்கிட்ட ஃபார்ம் வாங்க வரலையே" என்றார். அப்போது நான் ஒரு பைக்குக்கு லாரி ஹார்ன் மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா அதைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

டெஸ்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஓடும் காரில் பின்சக்கரம் கரகரவென்கிறது என்றார் அக்கா. காது கொடுத்துக் கேட்பதற்காக நான் பின்சீட்டில் ஏறினேன். எனக்கு அப்போதுதான் நேரம் கிடைத்தது என்பதால், வழக்கமாகக் காலையில் வருகிற நர்ஸ் பாப்பா அன்று மதியம் வந்தாள். "முன்னாடி வேன். ஓரத்துல சைக்கிள். சிக்னல் ரொம்ப நேரமா பச்சை, மாறிடும்" என்று சொல்லிக்கொண்டே அழகாக ஓட்டினாள்.

இரண்டாவது சிக்னலில் பின்னால் ஹார்ன் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நீளம். அவள் தோள் காதுவரை ஏறியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல இறங்கியது.

"பின்னாடி சாம்பல் கலர் கார். ரொம்பக் கிட்ட" என்றாள்.

"ஒதுங்க இடம் இருக்கா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லக்கா. ஓரமெல்லாம் வண்டி நிக்குது."

"அப்ப வரட்டும். நீ உன் வேலையைப் பாரு."

வந்தது. ஹார்னை விடாமல், விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தேன், அதன் முன்கண்ணாடியில் வெயில் பட்டுக் கண் கூசியதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எங்கள் காரின் பின்னால் ஸ்கூல் பெயர் முழங்கை நீளத்துக்கு எழுதியிருக்கிறது. அதற்கு மேல் சிவப்பில் எல் போர்டு வேறு. "இறங்கி ரெண்டு போடட்டுமாக்கா?" என்றேன். "நீ சக்கரத்தைக் கேளு" என்றார்.

சாலை கடக்கக் கோடு போட்ட இடத்தில், காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவர் ஊன்றுகோலோடு இறங்கினார். நர்ஸ் பாப்பா அலுங்காமல் குலுங்காமல் காரை நிறுத்தினாள். நான் கவனித்தேன், அக்காவின் கால் பிரேக் பக்கமே போகவில்லை. பின்னால் டயர் கிறீச்சிட்டது. கதவு அறைந்து சாத்தும் சத்தம். அடுத்த நொடி எங்கள் காரின் கூரையில் தட் தட்டென்று அடி விழுந்தது.

"ஓட்டத் தெரியலன்னா வீட்ல கெடக்க வேண்டியதுதானே? உன்னையெல்லாம் எவன் ரோட்டுல விட்டது? எடுடி வண்டியை."

ஜன்னலில் சட்டைப் பையும் அதில் இருந்த இரண்டு பேனாவும்தான் தெரிந்தன. நர்ஸ் பாப்பா கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"முன்னாடி ஒருத்தர் கடந்துட்டு இருக்கார், சார். அவர் போனதும் எடுக்கறேன்."

அந்தக் குரலைக் கேட்டு ஆள் குனிந்தார். மருந்துக்கடைக்காரர். முகத்தில் ஈயாடவில்லை. ஊன்றுகோல்காரர் அந்தப் பக்கம் ஏறியதும், "முன்னாடி ரோடு காலி" என்று சொல்லிவிட்டு அவள் காரை எடுத்தாள். சாம்பல் கார் நடு ரோட்டில் கதவு திறந்தபடி நின்றது. அதன் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் அதற்கு ஹார்ன் அடிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் அற்ப சந்தோஷம், மறைப்பானேன்.

நாங்கள் ஸ்கூலுக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் அவரும் வந்து சேர்ந்தார்.

"நீ காலையிலதானே போவ. நீன்னு தெரியாதும்மா" என்றார்.

"தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டார் அக்கா. அவ்வளவுதான் கேட்டார்.

"எனக்குத் தெரியும்பா" என்றாள் மகள். "ரெண்டாவது சிக்னல்லயே தெரியும். ரெண்டு குட்டை, ஒரு நீளம். உங்க பக்கத்து சீட்டுலதானே வளந்தேன். ஹார்ன் அடிச்சிட்டு முன்னாடி போறவங்களை என்னென்ன சொல்வீங்கன்னு வரிசை மாறாம ஒப்பிப்பேன். இப்ப எவன் ஹார்ன் அடிச்சாலும் எனக்கு உங்க குரல்தான் கேக்குது."

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா தண்ணீர் எடுத்துவந்து முதலில் மகளிடம் கொடுத்தார். "நாளைக்கு ஏழு மணிக்கு வா. ரிவர்ஸ் ஒரு தடவை பாத்துக்கலாம்" என்றார்.

அந்த மனிதரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் திறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே ஆள் என்னிடம் வந்து, "ஒருத்தனும் ஒதுங்க மாட்டேங்கறான், நல்லா சத்தமா ஒண்ணு மாட்டுங்க" என்று மெதுவாகத்தான் கேட்டார். அந்த லாரி ஹார்னை மாட்டியது என் கை. மாட்டிவிட்டு நானே இரண்டு தடவை அடித்துப் பார்த்து, தெருவில் போன ஒருவர் துள்ளியதைக் கண்டு சிரித்தேன். ஒன்பது நசுங்கலுக்கும் ஊரையே திட்டிக்கொண்டிருந்தவனின் லட்சணம் அது.

வெள்ளிக்கிழமை நர்ஸ் பாப்பா டெஸ்டில் தேறினாள். டியூட்டியில் சேர்ந்த மூன்றாம் நாள், வெள்ளை யூனிஃபார்மோடு சாம்பல் காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள்.

"அண்ணா, இந்த ஹார்னைக் கழட்டிட்டு முன்னாடி இருந்ததையே மாட்டிருங்க."

"அப்பா சொன்னாரா?"

"அப்பா ஒண்ணும் சொல்லல. அவர் கடைக்கு இப்ப நடந்துதான் போறார். சாவி என்கிட்ட இருக்கு."

கழற்றினேன். சாதாரண ஹார்னை மாட்டியதும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, இது போதும் என்று கிளம்பினாள். அக்கா வாசலில் நின்று என் கையில் இருந்த ஹார்னைப் பார்த்தார், பிறகு அலமாரியில் அடுக்கியிருந்த நான்கு புது லாரி ஹார்ன் பெட்டிகளைப் பார்த்தார். ஏதாவது கேட்டிருந்தால் தேவலை.

மறுநாள் ஒருவன் வந்து சத்தமான ஹார்ன் கேட்டான். இல்லை என்றேன். அலமாரியில் இருக்கிறதே என்றான். "அது விக்கிறதுக்கு இல்ல" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெருப் பட்டறைக்குப் போனான். சாயங்காலம் எங்கள் தெருமுனையில் காது கிழிகிற மாதிரி ஹார்ன் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவனேதான். அவனுக்கு முன்னால் அக்காவின் கார், உள்ளே யாரோ ஒரு புதுப் பையன். பட்டறை வாசலிலிருந்து எனக்குத் தெரிந்தது, அந்தப் பையனின் தோள் காதுவரை ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.